பழைய கண்ணாடிகளை மலைக்குக் கொண்டுபோகலாமா?

7 ஜூலை 2024
(கொளத்தூர்த் தம்பி ஒருவரின் கேள்வி)

எங்கள் சேவைச் சங்கத்தில் இந்த ஆண்டு நான்தான் செயலாளர். ஜூலை 1ஆம் தேதி பொறுப்பேற்றேன். முதல் வேலையாக அடுக்ககம் அடுக்ககமாகப் போய்ப் பழைய மூக்குக் கண்ணாடிகள் சேகரித்தோம். 412 சேர்ந்துவிட்டது. செப்டம்பரில் ஜவ்வாது மலைக்குப் போய் ஒரு கண் முகாம் நடத்தி, யாருக்கு எது பொருந்துகிறதோ அதைக் கொடுக்கலாம் என்று திட்டம். 40 பேர், ஒரு பேருந்து, ஒரு ராத்திரி தங்கல். குப்பைக்குப் போகிற பொருள் ஒருவருக்குப் பார்வை கொடுத்தால் நல்லதுதானே? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

9 ஜூலை, இரவு

தம்பி, அந்த 412ஐயும் மலைக்கு ஏற்றாதீர்கள்.

நான் தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள். அயனாவரத்தில் வீடு. சேவைச் சங்கத்தில் 22 வருடம். எந்தச் சங்கம் என்று சொல்ல மாட்டேன், இந்த ஊரில் சங்கத்துக்காரர்கள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். 2009ல் நாங்களும் இதே போல 600 கண்ணாடி சேர்த்து அட்டைப்பெட்டியில் கட்டி ஒரு கிராமத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே போய்ப் பெட்டியைத் திறந்தால், பாதிக்கு மேல் கீறல். காது தாங்குகிற தண்டு உடைந்து நூல் சுற்றியது, ஒரு பக்கம் கண்ணாடியே இல்லாதது, கூலிங் கிளாஸ், நீச்சல் கண்ணாடி ஒன்று. ஒருவர் பல் செட்டையும் அதே கூட்டில் போட்டுக் கொடுத்திருந்தார். அன்று 600ல் கொடுக்க முடிந்தது 31.

கண்ணாடி சட்டை மாதிரி கிடையாது, கொஞ்சம் லூஸாக இருந்தாலும் போட்டுக்கொள்ளலாம் என்பதற்கு. வலது கண்ணுக்கு ஒரு பவர், இடதுக்கு வேறு பவர். சிலிண்டர், அதாவது ஒரு திசைக்கு மட்டும் சேர்க்கிற பவர், இருந்தால் அது எந்தக் கோணத்தில் என்று பார்க்க வேண்டும். இரண்டு கருவிழிக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர் என்பதும் ஒத்துவர வேண்டும். இத்தனையும் பொருந்துவது ஜாதகப் பொருத்தத்தைவிடக் கஷ்டம். 2012ல் வெளிவந்த ஓர் ஆய்வில் நன்கொடையாக வந்த 275 கண்ணாடிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். உபயோகப்படும் நிலையில் இருந்தது 7 சதவீதம். பார்வையின்மைத் தடுப்புக்கான சர்வதேச முகமையே பழைய கண்ணாடி வேண்டாம் என்று சொல்லிவிட்டது. பிரித்து, கழுவி, பவர் அளந்து, சீட்டு ஒட்டி, லாரி ஏற்றுகிற செலவுக்குப் புதுக் கண்ணாடியே வாங்கிவிடலாம்.

10 ஜூலை

நேற்று எழுதியதை இன்று படித்தால் எனக்கே கொஞ்சம் சுள்ளென்று இருக்கிறது. அந்தத் தம்பி ஜூலை பிறந்து ஒரு வாரத்தில் 40 பேரைக் கூட்டி வேலையை ஆரம்பித்திருக்கிறார். முதல் மாதம் முழுக்கப் பதவியேற்பு விழாவுக்குப் பொன்னாடை வாங்குவதிலேயே போகிற சங்கங்கள் உண்டு.

சரி, என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். பாரிமுனைப் பக்கம் மொத்தக் கடைகளில் ரெடிமேட் ரீடிங் கிளாஸ் கிடைக்கும். பிளஸ் 1ல் தொடங்கிப் பிளஸ் 3 வரை. ஒன்று நூறு ரூபாய்க்குள் அடங்கும். கிராமத்தில் நாற்பது தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு வேண்டியது அதுதான். நம் பாட்டிகள் இதை வெள்ளெழுத்து என்பார்கள், சாளேசுரம் என்றும் சொல்வதுண்டு. நாற்பதில் நாய்க்குணம் வருமோ வராதோ, வெள்ளெழுத்து வந்தே தீரும். கண்ணுக்குள் இருக்கிற வில்லை வயதாக ஆக இறுகிப்போய், கிட்டத்தில் இருப்பதற்கு வளைந்து கொடுக்காது. அது நோய் இல்லை. இரண்டு கண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே பவர் போதும், அதனால்தான் ரெடிமேட் சரிப்பட்டு வருகிறது.

அசாமில் தேயிலை பறிக்கிறவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள். பாதிப் பேருக்குக் கிட்டப்பார்வைக் கண்ணாடி கொடுத்தார்கள், மீதிப் பேருக்குப் பிறகு தருவதாகச் சொன்னார்கள். கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலையின் எடை மற்றவர்களைவிட 21.7 சதவீதம் கூடிவிட்டது. முடிவு 2018ல் வந்தது. சங்கக் கூட்டத்தில் யாராவது முறைத்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், வியாபாரிகளுக்குச் சட்டென்று புரியும்.

10 ஜூலை, மறுபடியும்

கிட்டப்பார்வை என்று எழுதிவிட்டேன். பள்ளிப் பாடப்புத்தகத்தில் கிட்டப்பார்வை என்றால் தூரத்தில் இருப்பது தெரியாத குறை. நான் சொன்னது பக்கத்தில் பார்ப்பதற்கான கண்ணாடி. தமிழாசிரியர் ஒருவர் தனிச் செய்தியில் காதைத் திருகிவிட்டார்.

14 ஜூலை

ஹெலன் கெல்லர்தான் லயன்ஸ் சங்கத்தை ஆரம்பித்தார் என்று ஒருவர் மேலே போட்டிருக்கிறார். இல்லை ஐயா. ஆரம்பித்தவர் மெல்வின் ஜோன்ஸ், சிகாகோவில் இன்சூரன்ஸ் தொழில் செய்தவர், வருடம் 1917. எட்டு ஆண்டு கழித்து, 1925 ஜூன் 30 அன்று, ஓஹையோ மாநிலத்தில் சீடார் பாயிண்ட் என்ற இடத்தில் நடந்த அவர்களுடைய மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையற்றவர்களுக்காகப் போராடும் வீரர்களாக நீங்கள் ஆக மாட்டீர்களா என்று கேட்டார். அவர்களும் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த ஜூனில் அந்தப் பேச்சுக்கு நூறு வயது. என்னென்ன ஃப்ளெக்ஸ் வைக்கப்போகிறார்களோ.

இன்னொரு விஷயம். 1987 வரைக்கும் அந்தச் சங்கத்தில் பெண்கள் உறுப்பினராக முடியாது. பார்வையற்றவர்களுக்காக ஒரு பெண் கேட்டு 62 வருடம் கழித்துத்தான் பெண்களுக்கே கதவு திறந்தது.

21 ஜூலை

முகாமிலேயே கண்புரை ஆபரேஷன் செய்ய முடியாதா, பாவம் அவர்களை ஏன் பேருந்தில் ஏற்றி அலைக்கழிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

என் ஆயாவுக்கு அப்படித்தான் நடந்தது. செய்யாறு பக்கம் ஒரு பள்ளிக்கூடம். எனக்குப் பத்து வயது இருக்கும். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு ஆபரேஷன். வகுப்பறைத் தரையில் பாய் விரித்து வரிசையாகப் படுக்க வைத்திருந்தார்கள். தலை அசையக் கூடாது என்று இரண்டு பக்கமும் மணல் மூட்டை. ஆயா வெற்றிலை போடாமல் அத்தனை நாள் இருந்தது அந்த ஒரு தடவைதான். கட்டுப் பிரித்த பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்தார்கள். புரை பிடித்த வில்லையை எடுத்துவிடுவார்கள், பதிலுக்கு உள்ளே எதுவும் வைக்க மாட்டார்கள். அந்த வில்லையின் வேலையை மூக்கின் மேல் இருக்கிற கண்ணாடி செய்ய வேண்டும். பெரும்பாலும் பிளஸ் 10 பக்கம் இருக்கும். ஆயாவுக்கு எல்லாம் பெரிதாகத் தெரியும், பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. கண்ணாடி உடைந்த அன்று மறுபடி குருடு.

பள்ளிக்கூடத்தில் கிருமி இல்லாத அறைக்கு எங்கே போவது? அதனால்தான் பிறகு முறை மாறியது. ஊரில் பரிசோதனை மட்டும், அறுவை மருத்துவமனையில். இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் மதுரை டாக்டர் ஜி. வெங்கடசாமி. 1976ல் ஓய்வு பெற்ற பிறகு 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போயிருந்தன, அந்த விரல்களாலேயே ஆயிரக்கணக்கில் அறுவை செய்தவர். 1992ல் அவர்களுடைய ஆரோலேப் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை இங்கேயே தயாரிக்க ஆரம்பித்தது. வெளிநாட்டு லென்ஸ் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆனது. சோடாபுட்டி ஒழிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

முகாம் இடத்திலேயே அறுவை செய்கிற ஏற்பாடும் இப்போது இருக்கிறது. சங்கர நேத்ராலயா, சென்னை ஐஐடி உதவியோடு இரண்டு பேருந்துகளை இணைத்து நடமாடும் அறுவை அரங்கமே வைத்திருக்கிறது. ஆனால் அது நாம் வாடகைக்கு எடுக்கிற வேன் கிடையாது.

28 ஜூலை

சென்னையில் எங்கே போவது என்று கேட்பவருக்கு: எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. 1819ல் தொடங்கியது. உலகத்திலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. மெட்ராஸ் ஐ என்று நாடே நம் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கண்ணைக் கசக்குகிறதே, அந்தப் பெயருக்கும் இந்த ஆஸ்பத்திரிக்கும் தொடர்பு உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசின் கண்ணொளி காப்போம் திட்டத்திலேயே கண்ணாடி இலவசம், தலைமை ஆசிரியரைக் கேளுங்கள்.

5 ஆகஸ்ட்

என் சொந்தக் கதை. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சங்கம் காசிமேட்டில் முகாம் வைத்தது. தேதி குறித்தது தலைவர், ஆமோதித்தது நான். டாக்டர்கள் வந்தாயிற்று, ஷாமியானா போட்டாயிற்று, 200 பேருக்குச் சாம்பார் சாதம். வந்தவர்கள் 19. நேற்று ஆடி அமாவாசை! சனமெல்லாம் கடற்கரையில் தர்ப்பணம் கொடுத்துக்கொண்டிருக்க, நாங்கள் பத்து தெரு தள்ளி உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். நாங்கள் பார்வை சோதிக்கக் கையில் வைத்திருந்ததும் ஆங்கில ஈ எழுத்து அட்டைதான். மூன்று விரல் மாதிரி நாலு திசையிலும் திரும்பியிருக்குமே, அது.

வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், வயது எழுபது இருக்கும், என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஏம்மா, இதையே தடைக்காலத்துல வெச்சிருந்தா ஊரே வந்திருக்குமே." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஆம்பிளைகள் எல்லாம் கரையில்தான் இருப்பார்கள். இத்தனை வருடத்தில் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எங்கள் ஆண்டு ஜூலையில் பிறப்பதால் ஜூலை, ஆகஸ்டில்தான் எங்களுக்கு உற்சாகம் பொங்கும். மீனுக்கு ஓய்வு கொடுக்கிற மாதங்களில் நாங்கள் அடுத்த தலைவர் யார் என்று சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

அவருக்கு இரண்டு கண்ணிலும் மூக்கோரத்தில் இருந்து சதை வளர்ந்து கருவிழி மேல் ஏறியிருந்தது. வெயில், உப்புக்காற்று, மணல். கடலுக்குப் போகிறவர்களிடம் அடிக்கடி பார்க்கிறோம். புரை என்று நினைத்துக்கொண்டிருந்தார். டாக்டர், இது வேறு, பார்வையை மறைக்கிற அளவுக்கு வந்தால் எடுத்துவிடலாம் என்று சொல்லி அனுப்பினார். ஆனால் அவர் கேட்டது ரீடிங் கிளாஸ். பிளஸ் இரண்டரை போட்டுப் பார்த்தார். பேப்பரைக் காட்டினேன். "இத யாரு பார்த்தா" என்று தள்ளிவிட்டு வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். வலை ஊசியைக் கண்ணிக்குள் விட்டு இழுத்து, முடிச்சை நகத்தால் நெருடிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார், இன்னொரு முடிச்சு. விலை என்ன என்று கேட்டார். சும்மாதான் என்றேன். "சும்மா கொடுத்தா என் மருமவன் எடுத்துக்குவான், இருபது ரூபா வாங்கிக்க" என்றார். வாங்கிக்கொண்டேன். ரசீது புத்தகத்தில் அதை எங்கே எழுதுவது என்று பொருளாளர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சாம்பார் சாதம் வீணாகவில்லை, கவலைப்படாதீர்கள்.

18 ஆகஸ்ட்

கொளத்தூர்த் தம்பி கூப்பிட்டார். பழைய கண்ணாடியை விட்டுவிட்டாராம், 300 ரெடிமேட் வாங்கியாயிற்றாம். "அக்கா, இவ்வளவு பேசுறீங்களே, நீங்களும் வாங்க" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். செப்டம்பர் 14, 15.

17 செப்டம்பர்

மலைக்குப் போய் வந்தோம். இடுப்பு இன்னும் நிமிரவில்லை.

போளூர் வழியாக ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் எங்களில் ஆறு பேர் வாந்தி. 40 பேர் வேண்டாம், பன்னிரண்டு போதும் என்று நான் முன்னமே சொன்னேன், கேட்கவில்லை. பதிவு எழுத மூன்று பேர், அட்டை காட்ட இரண்டு பேர், வரிசை பார்க்க நாலு பேர், மீதி? செல்ஃபி. ஒருவர் அருவி எங்கே என்று டாக்டரிடமே கேட்டார்.

ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். 143 பேர் வந்தார்கள். பார்க்கிற முறை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் அட்டை, ஆறு மீட்டர் தூரத்தில். அப்புறம் டாக்டர் டார்ச் அடித்துப் பார்ப்பார். புரை முற்றியிருந்தால் கருவிழிக்கு நடுவே மோர் மாதிரி வெளுத்துத் தெரியும். ஆபரேஷனுக்கு எடுப்பவர்களுக்கு பிரஷர், சர்க்கரை, கடைசியாக டக்ட். டக்ட் என்பது கண்ணீர் மூக்குக்கு இறங்குகிற குழாய். இமை ஓரத்தில் இருக்கிற சின்னத் துளை வழியாக ஊசி முனையில்லாத சிரிஞ்சில் உப்புத்தண்ணீர் விட்டு, "தொண்டையில கரிக்குதா?" என்று கேட்பார்கள். கரித்தால் வழி திறந்திருக்கிறது. கரிக்காமல் சீழோடு திரும்பி வந்தால் அங்கே கிருமி தங்கியிருக்கிறது, அந்தக் கண்ணில் இப்போது கத்தி வைக்கக் கூடாது. ஒரு தாத்தா "கரிக்கல, இனிக்குது" என்று சொல்லி வரிசையையே சிரிக்க வைத்தார்.

38 பேருக்குப் புரை. பேருந்தில் ஏறியவர்கள் 24. சர்க்கரை எகிறி மூன்று பேரை அடிவார ஊர் மருத்துவமனையில் திருப்பிவிட்டார்கள். நேற்று 21 பேருக்கு அறுவை முடிந்தது.

ரீடிங் கிளாஸ் விஷயத்தில் காசிமேட்டுப் பெரியவர் சொல்லிக்கொடுத்த பாடம் உதவியது. "படிக்கத் தெரியாதவங்களுக்கு ரீடிங் கிளாஸ் எதுக்கு?" என்றார் சங்கத்துக்காரர் ஒருவர். நான் ஒரு முறம் சாமையும் ஊசி நூலும் கடன் வாங்கி மேசையில் வைத்தேன். அங்கே சாமை விளைச்சல் அதிகம். ஒவ்வொரு அம்மாவும் பிளஸ் ஒன்றரை, இரண்டு, இரண்டரை என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு முறத்தில் கல் பொறுக்கினார்கள். எந்தக் கண்ணாடியில் கல் கையில் அகப்பட்டதோ அதுதான் அவருடைய பவர். டாக்டரே வந்து நின்று வேடிக்கை பார்த்தார். மதியத்துக்குள் அரை மரக்கால் சாமை சுத்தமாகிவிட்டது, சாமைக்குச் சொந்தக்காரிக்கு ஏக சந்தோஷம்.

அதே மலைத்தொடரில்தான் காவலூர் வானாய்வகம். 2.3 மீட்டர் தொலைநோக்கி, 1986ல் இருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. திரும்பும்போது எல்லாரும் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். நான் தூங்கிவிட்டேன்.

18 செப்டம்பர்

புரை இருந்தும் வராதவர்கள் 14 பேர் என்றீர்களே, ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். பதிவேட்டில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. ஒன்பது பேருக்கு "பயம்" என்று எழுதியிருக்கிறது. கத்தி என்றால் யாருக்குத்தான் பயமில்லை, படிப்பறிவு குறைவு, விழிப்புணர்வு நாடகம் ஒன்று போடலாம்.

10 அக்டோபர்

இன்று உலகப் பார்வை தினம். அக்டோபர் இரண்டாம் வியாழன். வாட்ஸ்அப்பில் 46 வாழ்த்துப் படம் வந்தது. பார்த்துப் பார்த்துக் கண் எரிகிறது.

15 அக்டோபர்

வெள்ளைக் கோல் தினம். எங்கள் பேரணி மழையில் ரத்து. ஊர் முழுக்கத் தண்ணீர், வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மலையில் மறுபரிசோதனை இருக்கிறது, போக முடியுமா தெரியவில்லை. அன்றைக்கு ஐந்து வாரம் ஆகிவிடும், தள்ளிப்போட முடியாது. புண் ஆறி, பவர் நிலைத்த பிறகுதான் கண்ணாடி எழுதுவார்கள். அது கிடைக்காவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

22 அக்டோபர்

போனோம். இந்தத் தடவை பேருந்து இல்லை, ஒரு வேன், ஏழு பேர். பேனர் எடுத்துவர மறந்துவிட்டார்கள் (நான்தான் எடுத்து வைக்கவில்லை).

21 பேரில் வந்தவர்கள் 13. மீதி எட்டுப் பேரின் வீட்டைத் தேடித் தம்பியும் நானும் ஒரு ஆஷா பணியாளரோடு (ஊர்ச் சுகாதார ஊழியர்) நடந்தோம். அவர் இல்லாவிட்டால் ஒரு வீடும் கண்டுபிடித்திருக்க மாட்டோம். இரண்டு பேர் கூலி வேலைக்குக் கேரளா போய்விட்டார்கள். மூன்று பேருக்குத் தேதி சொன்னதே புரியவில்லை, எங்கள் சீட்டில் தேதி இங்கிலீஷ் மாதத்தில் இருந்தது. ஒரு அம்மா "நல்லாத்தானே தெரியுது, எதுக்கு வரணும்" என்றார், நியாயம். இன்னொருவருக்குச் சொட்டு மருந்து பத்தாம் நாளே தீர்ந்திருக்கிறது, கண் சிவந்திருந்தது, வேனிலேயே ஏற்றிக்கொண்டோம்.

எட்டாவது ஆள், "கரிக்கல, இனிக்குது" தாத்தா. திண்ணையில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் முடிந்து போட்டுவிடுவார்களே, பச்சையும் கறுப்புமாக, அந்தக் கண்ணாடி. ஐந்து வாரமாகக் கழற்றவே இல்லை, ராத்திரியிலும். "ஆஸ்பத்திரியில குடுத்த கண்ணாடிம்மா, ஆனா முன்னவிட இருட்டாத்தான் இருக்கு" என்றார். கழற்றச் சொன்னேன். கழற்றி, முற்றத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, "நீ வயசானவளா? குரல் சின்னதா இருந்துச்சே" என்றார்.

இனி செப்டம்பர் 18ஆம் தேதி நான் எழுதியதைத் திருத்த வேண்டும். "பயம்" என்று எழுதிய ஒன்பது வீட்டில் நாலு வீடு வழியில்தான் இருந்தது. கேட்டோம். ஒருவருக்குத்தான் உண்மையிலேயே பயம். ஒரு அம்மாவுக்குத் துணைக்கு வர ஆள் இல்லை, புருஷனுக்கு என்றால் இவர் போவார், இவருக்கு என்றால் யார் போவது. இன்னொருவருக்கு மகளின் பிரசவம். நாலாவது ஒரு பாட்டி, இரண்டு கண்ணும் மோர். நான் கேட்டதும் சிரித்தார். "பயமா? ஆட்ட யாரு பாப்பாங்க?" பதினோரு ஆடு. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தால் மேய்க்க ஆள் இல்லை. அன்று முகாமிலும் இதையேதான் சொன்னாராம். பதிவு எழுதியவர் அவ்வளவு சின்னக் கட்டத்தில் ஆட்டை எழுத முடியாமல் "பயம்" என்று முடித்துவிட்டார். எழுதியவர் யார் என்று பதிவேட்டைப் புரட்டினேன். என் கையெழுத்து.

23 அக்டோபர்

இல்லை, நாடகம் போடவில்லை. கேட்காதீர்கள்.

12 நவம்பர்

பாட்டிக்கு நேற்று ஒரு கண்ணில் அறுவை. ஆஷா பணியாளரின் சித்தப்பா மூன்று நாள் ஆடு மேய்க்க ஒத்துக்கொண்டார், தினக்கூலி 400. துணைக்கு அந்த இன்னொரு அம்மா. இவருக்கு அவர், அவருக்கு இவர் என்று இரண்டு பேரையும் ஒரே நாளில் சேர்த்துவிட்டோம். தம்பியின் யோசனை, என்னுடையது இல்லை.

16 நவம்பர்

தம்பியிடம் இருந்து தொலைபேசி, பதற்றமாக. பாட்டி வீடு திரும்பி ஆடுகளை எண்ணியிருக்கிறார். பத்துதான் இருக்கிறதாம். "பதினொண்ணு விட்டுட்டுப் போனேன், சங்கத்துக்காரங்க ஒண்ணத் தொலைச்சுட்டாங்க" என்று ஊரெல்லாம் சொல்கிறாராம். செயலாளர் தலையில் ஒரு ஆடு.

17 நவம்பர்

சித்தப்பா சத்தியம் செய்கிறார், அவரிடம் விட்டதே பத்துதான் என்று. பாட்டியின் மகனைப் பிடித்துக் கேட்டதில், ஆடி மாதமே ஒன்றை விற்றுவிட்டாராம். அம்மாவிடம் சொல்லவில்லை. கண் தெரியாதே, எங்கே எண்ணப்போகிறார் என்று இருந்திருக்கிறார். இப்போது பாட்டி மகனுக்குச் சோறு போடுவதில்லை. இன்னொரு கண்ணுக்கு எப்போது என்று கேட்டாராம்.

மேய்ப்புக் கூலி 1,200 ரூபாயை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கொளத்தூர்ச் சங்கத்துப் பொருளாளர் கேட்டிருக்கிறார். தணிக்கையாளர் ஆட்டைப் பார்த்தால் கேள்வி கேட்பார். எங்கள் பொருளாளரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அவர் இன்னும் அந்த இருபது ரூபாயிலேயே நிற்கிறார்.